கோமதிசங்கர் போட்ட ஓட்டு

வாக்குச்சாவடிக்குள் கட்சி ஏஜென்டுகளுக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள். சங்கரன்கோவிலில் ஒரு நடுநிலைப் பள்ளியின் மேற்குப் பார்த்த வகுப்பறையில், அந்தப் பெஞ்சின் சுவரோர இடம் ஐந்து சட்டமன்றத் தேர்தல்களாக மைதீன் பாட்சாவுடையது. காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தால், சாயந்திரம் இயந்திரத்துக்குச் சீல் வைத்த பிறகுதான் எழுந்திருப்பார்.

மற்ற நாட்களில் அவர் கைலி, துண்டு வியாபாரி. ஊரிலுள்ள விசைத்தறிகளில் சரக்கு எடுத்து, மொபெட்டில் கட்டிக்கொண்டு புளியங்குடி, கடையநல்லூர் கடைகளுக்குப் போடுவார். அறுபத்திரண்டு வயது. ஜமாஅத்தில் பொறுப்பு எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. கட்சியிலும் பதவி கேட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்த பூத். அவர் உட்கார்ந்த எந்தத் தேர்தலிலும் அவருடைய கட்சி அந்த பூத்தில் பின்தங்கியதே இல்லை. தொகுதியும் அந்தக் கட்சியின் கையை விட்டுப் போனதில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் அப்படி இருந்ததால், தேர்தல் என்பது ஜெயித்த கட்சியை மறுபடி உறுதிப்படுத்திக்கொள்ளும் ஒரு சடங்கு என்றே ஊர் நினைத்திருந்தது.

பெஞ்சின் மறுமுனையில் கோமதிசங்கர் உட்காருவார். எதிர்க்கட்சிக்காரர். தெருமுனையில் மாவு மில். எந்த வீட்டில் எத்தனை வாய், யார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அரைக்க வரும் அரிசியின் அளவை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும். புருவம், காது மடல் எல்லாம் மாவு படிந்து, பார்க்கிறவர்களுக்கு எப்போதும் பத்து வயது கூடுதலாகத் தெரிவார்.

இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம், மில்லை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு வாக்காளர் பட்டியலோடு எதிரெதிரே உட்காருவார்கள். பட்டியலில் பெயர் இருந்து, ஆள் இறந்துபோனவர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இரண்டு பேரும் தங்கள் தங்கள் பட்டியலில் குறி போட்டுக்கொள்வார்கள். குறி விழுந்த பெயரில் எந்தக் கட்சிக்காரன் வந்து நின்றாலும் பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான். மேலே உள்ளவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் இரண்டு கட்சியிலும் இரண்டு பேரையும் நீக்கியிருப்பார்கள்.

"நூத்திப் பன்னெண்டு?" என்பார் மைதீன் பாட்சா.

"அவரு போன ஐப்பசிலயே போயிட்டாருல்லா."

"உம்ம கட்சி. நல்லா தெரியுமா வே? செத்த பெறவும் வந்து போடுத ஆளு அவரு."

"உம்ம சின்னம்மை வருசா வருசம் கண்ணு தெரியலன்னு சொல்லிட்டு ஒங்க ஆளு கையைப் புடிச்சிக்கிட்டு வாராளே, அதுக்கு இது தேவலை."

"அவளுக்கு நெசமாவே கண்ணு தெரியாது வே."

"மாவுல ஒரு பிடி கொறைஞ்சா மட்டும் தெரியுது."

ஒவ்வொரு முறையும் பட்டியலை மடிக்கும்போது கோமதிசங்கர் ஒன்றையே சொல்வார்: "ஆட்சி வரட்டும், வராம போகட்டும். இந்த ஒரு பூத்தை ஒரு தடவை ஒம்மகிட்ட இருந்து எடுத்துட்டா போதும். நான் சந்தோசமா போயிருவேன்."

"அப்போ நீரு நூறு வயசு இருப்பீரு" என்பார் மைதீன் பாட்சா.

கொரோனா இரண்டாவது அலை தொடங்கிய வருஷத்தில், மாசி மாதத்தில் ஒருநாள் காலை, மில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது கோமதிசங்கர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. பட்டியல் ஜனவரியிலேயே வெளியாகிவிட்டதால் பெயர் அதில் அப்படியே இருந்தது. தேர்தல் பங்குனியில்.

முந்தின நாள் மத்தியானம் மைதீன் பாட்சா தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து குறி போட்டார். நானூற்றுப் பதினேழாம் எண் வந்தபோது பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார். பிறகு வந்து அதற்கும் குறி போட்டார். அடுத்த எண் ஆறுமுகத்தாய், கோமதிசங்கரின் மனைவி.

பேனாவை மூடும்போது வார்டு செயலாளர் குருநாதன் வந்தார்.

"அண்ணாச்சி, நெலவரம் சரியில்ல. ஜனங்க மொகத்த திருப்பிக்கிடுதாங்க. கும்பிட்டா கும்பிட மாட்டேங்காங்க."

"தெரியுது."

"நம்ம பூத்தே கஷ்டம்ங்காங்க. நீங்க இருந்துமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் மைதீன் பாட்சாவைக் குத்தியது. குருநாதனின் பார்வை மேஜைமேல் கிடந்த பட்டியலில் நின்றது.

"இதைக் குடுங்க. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். நாளைக்குக் கண்ணை மட்டும் கொஞ்சம் அங்கிட்டு வெச்சிக்கிடுங்க. அந்தப் பக்கமும் இப்போ ஆளைத் தெரிஞ்சவன் கெடையாது."

இறந்தவர்களை உள்ளே விடாமல் இருப்பதற்காக இருபது வருஷம் பழகிய குறிகள், அவர்களை உள்ளே கூட்டிவரவும் அதே அளவு உதவும் என்பது அந்த நிமிஷம்தான் மைதீன் பாட்சாவுக்கு உறைத்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. அவர் சொல்லவில்லை. பட்டியல் கைமாறியது.

மறுநாள் எல்லாரும் முகக்கவசம் போட்டு வந்தார்கள். வாசலில் ஒரு கைக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். கண்ணும் நெற்றியும்தான் ஆள். பெஞ்சின் மறுமுனையில் எதிர்க்கட்சிக்காக நியாஸ் அகமது உட்கார்ந்திருந்தார். செல்போன் பழுது பார்க்கும் கடைக்காரர், ஊரின் மறுபக்கம் வீடு. சுறுசுறுப்பான ஆள்தான், ஆனால் இந்தத் தெருவில் நாலு முகம்கூடத் தெரியாது.

உள்ளே ஒரு நடைமுறை உண்டு. முதல் அதிகாரி வாக்காளரின் எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார். வாசித்துவிட்டு ஏஜென்டுகளின் பெஞ்சைப் பார்ப்பார். அங்கிருந்து மறுப்பு வராவிட்டால் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். அன்று அதிகாரி வெளியூர் ஆசிரியர். சந்தேகம் வந்தபோதெல்லாம் நரைத்த தலையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்த மைதீன் பாட்சாவையே பார்த்தார். மைதீன் பாட்சா ஜன்னலைப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் ஐந்து பேர் அப்படி வந்து போனார்கள். நியாஸ் அகமது தன்னுடைய ஓட்டைப் போட வேறொரு பள்ளிக்குப் போயிருந்த நேரம், அதிகாரி வாசித்தார்: "நானூற்றுப் பதினேழு. கோமதிசங்கர்."

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கறுத்த மீசையின் நுனி கவசத்துக்கு வெளியே தெரிந்தது. கையில் மங்கலான ஒரு ஜெராக்ஸ். அதிகாரி ஜெராக்ஸைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார்.

எந்தெந்தப் பெயர்களை எடுப்பார்கள் என்று மைதீன் பாட்சா யோசித்துப் பார்த்திருக்கவில்லை. குறி போட்ட கை அவருடையதுதான். ஆனாலும் இந்தப் பெயரை எடுக்க மாட்டார்கள் என்று ஏனோ நம்பியிருந்தார். வாயைத் திறந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். சிவப்புப் பேனா 'சர்' என்று இழுபட்டது. வந்தவன் பதிவேட்டில் கோமதிசங்கர் என்று கையெழுத்துப் போட்டு, விரலில் மை வைத்துக்கொண்டு, மறைப்புக்குள் போனான். இயந்திரம் நீளமாகக் கூவியது.

நாலு மணிக்கு ஆறுமுகத்தாய் வந்தாள். அதிகாரி நானூற்றுப் பதினெட்டை வாசித்தார். அவள் குனிந்து பட்டியலைப் பார்த்தாள். பார்த்தவள் உடனே நிமிரவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டு, ஓட்டுப் போட்டு, வெளியே போனாள். பெஞ்சின் பக்கம் திரும்பவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. தொகுதி போயிற்று. ஆட்சியும் போயிற்று. கொண்டாடக் கூடாது என்று உத்தரவு இருந்தும் தெருவில் இரண்டு சரம் வெடித்தார்கள். யாரோ மில்லுக்குப் போய் கோமதிசங்கர் படத்துக்குக் கட்சித் துண்டைப் போட்டார்கள். குருநாதன் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அந்த பூத் மட்டும் போகவில்லை. ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் மைதீன் பாட்சா கட்சி முந்தியிருந்தது. "ஊரே கவுந்தாலும் பாய் பூத்து நின்னுட்டுதே" என்று டீக்கடையில் முதுகில் தட்டினார்கள். பெயர் மாற்றி வந்து போட்டவர்கள் பதினொரு பேர். அவர்களைக் கழித்தால் இரண்டு ஓட்டில் அது கோமதிசங்கருடைய பூத். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஒரே ஆள் மைதீன் பாட்சாதான்.

அதற்குப் பிறகு அவர் மில் இருக்கும் வழியாகப் போவதை விட்டார். கைலிக் கட்டை எடுத்து வண்டியில் வைத்தால் மாவு வாசனை வந்தது. பிரித்து உதறி முகர்ந்தால் கஞ்சி வாசனைதான். கடையநல்லூரில் கடைக்காரர் பில்லில் ஒரு வரியை அடித்தால் அந்தச் சத்தத்துக்கு உடம்பு திடுக்கிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும்போல ஒதுங்கினார். ஒதுங்கிய இடைவெளியை அடுத்தவர் வந்து அடைக்கும்வரை கண் அங்கேயே போயிற்று. எல்லாவற்றையும்விட ஒரு கேள்வி: ஆறுமுகத்தாய் அந்தக் கோட்டைப் பார்த்தாளா?

மனைவி ஜரினா கேட்டாள். "பக்கத்துல மில்லை வெச்சிக்கிட்டு எதுக்கு அரிசியை மேலநீலிதநல்லூர் ரோட்டு மில்லுக்குத் தூக்கிட்டுப் போறீங்க? புருசன் போன பொம்பளை, நாம குடுத்தாத்தானே ஆச்சு."

"அங்கன மாவு நைஸா இல்ல."

"இருபது வருசமா இருந்துச்சு."

தை மாதம் நகராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். குருநாதன் புதுப் பட்டியலோடு வந்தார். ஆட்சியில் இல்லாத கட்சியின் செயலாளர் என்பதால் குரல் இறங்கியிருந்தது. தோற்ற கட்சிக்குப் பெஞ்சில் உட்கார ஆள் கிடைப்பது கஷ்டம். "நீங்கதான் வரணும் அண்ணாச்சி" என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டிச் சிரித்தார். "இதைப் பாருங்க. நம்ம மில்லுக்காரரு இன்னும் இருக்காரு."

கோமதிசங்கர் பெயர் அப்படியே இருந்தது. அடுத்து ஆறுமுகத்தாய்.

"செத்து வருசம் ஆகப்போகுது. ஏன் எடுக்கல?" என்றார் மைதீன் பாட்சா.

"நமக்கு என்ன வந்துச்சு? கெடந்தா நல்லதுதான்."

மறுநாள் காலை மைதீன் பாட்சா மில்லுக்குப் போனார். பெயரை நீக்க மனுக் கொடுக்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ் அவளிடம்தான் இருக்கும். ஏன் இவ்வளவு அவசரம் என்று அவள் கேட்பாள். கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தார்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுமுகத்தாய் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, விழும் மாவைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. வழி மறந்து போச்சோன்னு இருந்தேன்."

"வேலை தங்கச்சி."

"ஜரினாக்கா சொன்னா. எங்க மாவு நைஸா இல்லையாமே."

அவள் அரைத்து முடித்து, தூக்குவாளியை மூடி, இயந்திரத்தை நிறுத்தினாள். பெல்ட் சுற்றி நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோமதி பேரு இன்னும் லிஸ்டுல கெடக்கு. எடுத்துரணும். இறப்பு சர்டிபிகேட் குடு, நானே எழுதிக் குடுக்கேன்."

"கெடக்கட்டும்."

"கெடந்தா தப்பு."

"லிஸ்டு பாக்க வந்த டீச்சரும் அதைத்தான் சொன்னாக. மூணு தடவை வந்தாக. எடுக்காண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

அவள் துண்டை அவிழ்த்து உதறினாள். சொல்லலாமா என்று யோசிப்பதுபோல அதை நாலாக மடித்தாள்.

"போன தடவை அவுக வந்து போட்டுட்டுப் போனாகள்லா, அதான். எப்பவும் எனக்கு முந்தியே போட்டுட்டு உள்ள உக்காந்திருப்பாக. நான் போகையில அவுக பேரு மேல கோடு இருக்கும், அதுக்குக் கீழ எம்பேரு. அன்னைக்கும் அழுதுக்கிட்டேதான் வந்தேன். பாத்தா, கோடு இருக்கு. செவப்பா. மை கூட காயல." சிரித்தாள். "யாருகிட்டயும் சொல்லல அண்ணாச்சி. கிறுக்குப் பிடிச்சிட்டும்பாங்க. ஒரு ஓட்டுக்காக அங்க இருந்து வந்திருக்காகன்னா அவுக கொணம் அப்படித்தானே. நீங்க அங்கனதான இருந்தீக. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அதுக்குப் பயந்துதான் இங்கிட்டு வரலையோன்னும் நெனச்சேன்."

மைதீன் பாட்சா சாக்குமேல் உட்கார்ந்தார்.

"என்ன சட்டை போட்டிருந்தாக?" என்று கேட்டாள்.

வெள்ளைச் சட்டை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். அவள் நாளெல்லாம் அதை வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். அவர் மனம் அந்தச் சட்டைக்குப் பித்தான்கூட வைத்துவிட்டது. ஆனால் பட்டியல் குருநாதன் கையில் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட இன்னொருவன் வருவான்.

"அது அவன் இல்ல தங்கச்சி" என்றார்.

தொடங்கிய பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். பட்டியலைக் கொடுத்தது, ஜன்னலைப் பார்த்தது, கறுத்த மீசை, ஜெராக்ஸ். அவர் முடித்ததும் ஆறுமுகத்தாய் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி தலையில் கட்டினாள்.

"அப்போ அவுக வரல."

"வரல."

"எத்தனை பேரு வந்தாங்க அப்படி?"

"பதினொண்ணு."

"பூத்து ஒம்பதுல போச்சுன்னு சொன்னாங்க."

"ஆமா."

நாளெல்லாம் படிக்கணக்கு பார்க்கும் பெண். அதற்கு அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "ரெண்டு ஓட்டுல அவுக ஜெயிச்சிருக்காக" என்றாள். பிறகு, "ஒங்க கட்சிதான் தோத்துதே. பெறவு எதுக்கு அண்ணாச்சி?"

"என் பூத்து தோக்கக் கூடாதுன்னு."

"ஒங்க பூத்து."

ஒரு பெண் கோதுமைப் பையோடு வந்து நின்றாள். ஆறுமுகத்தாய் பையை வாங்கி எடை போட்டாள். சுவிட்சைப் போடப் போனவள் திரும்பினாள்.

"சர்டிபிகேட் தர மாட்டேன். பேரு அங்கனயே கெடக்கட்டும். நீங்க போயி அந்தப் பெஞ்சுலயே உக்காருங்க. வாறவன் ஒவ்வொருத்தனையும் மாஸ்க்கைக் கழட்டச் சொல்லிப் பாருங்க. யாரு வாராகன்னு பாத்துச் சொல்லுங்க."

மில் இரைய ஆரம்பித்தது. அதற்குமேல் பேசினாலும் கேட்டிருக்காது.

குருநாதனிடம் அவர் ஒரே விஷயம் சொன்னார். "செத்தவன் பேருல எவன் வந்தாலும் நானே எந்திரிச்சு போலீஸைக் கூப்பிடுவேன்."

"அண்ணாச்சி, நீங்க எந்தக் கட்சி?"

"உள்ள உக்காருத கட்சி."

மாசியில் வாக்குப்பதிவு. கோமதிசங்கர் இறந்து ஒரு வருஷம் ஆக இன்னும் சில நாட்கள் இருந்தன. அதே வகுப்பறை, அதே பெஞ்சு, மறுமுனையில் மறுபடி நியாஸ் அகமது. காலை ஏழு மணியிலிருந்து மைதீன் பாட்சா ஒவ்வொருவரையும் கவசத்தை இறக்கச் சொன்னார். "என்ன பாய், இருபது வருசமா பாக்குத மூஞ்சிதான" என்று சலித்துக்கொண்டார்கள். தன் கட்சிக்காரர்களையும் விடவில்லை. பத்து மணிக்கு மேல் நியாஸ் அகமது அவரிடம் மெல்லக் கேட்டார். "பாய், யாரையாச்சும் தேடுதீங்களா?"

"இல்ல" என்றார்.

நாலு மணிக்கு ஆறுமுகத்தாய் வந்தாள். சொல்லாமலே கவசத்தை இறக்கினாள். முதல் அதிகாரி இம்முறை ஒரு இளம்பெண், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எண்ணையும் பெயரையும் வாசித்தாள். ஆறுமுகத்தாய் குனிந்து, தன் பெயருக்கு மேலிருந்த பெயரைப் பார்த்தாள். அதன்மேல் கோடு இல்லை.

"இவுக இன்னும் வரலியாம்மா?" என்று அந்தப் பெயரைத் தொட்டுக் கேட்டாள்.

"வீட்டுக்காரரா? இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"சரிம்மா" என்றாள் ஆறுமுகத்தாய்.

ஓட்டுப் போட்டுவிட்டு அவள் போய்விட்டாள். மைதீன் பாட்சா சுவரோரத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, வாசல் நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு மேல் வரிசை கிடையாது. யாரோ ஒருவர், இருவர். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அவர் பாதி எழுந்தார்.

ஆறு மணிக்குக் காவலர் கதவைச் சாத்த வந்தார்.

"ஒரு நிமிசம்" என்றார் மைதீன் பாட்சா.

"யாரும் வாராங்களா அய்யா?" என்று அதிகாரி கேட்டாள்.

அவர் எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். மைதானத்தில் சுண்ணாம்பில் போட்ட வட்டங்கள், ஆள் நிற்பதற்காக. எல்லாம் காலியாக இருந்தன. தெருவரை பார்த்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியவில்லை. நியாஸ் அகமதுதான் வந்து தோளைத் தொட்டார்.

"யாரும் இல்லம்மா" என்றார் மைதீன் பாட்சா. "சாத்திருங்க."